மூலக் கோவையின் பிள்ளைகள்

ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியின் ஏழாம் நம்பர் பிரஸ்ஸுக்குச் சூடு தெரியும், எண்ணெயின் அழுத்தம் தெரியும், மோட்டாரின் நடுக்கம் தெரியும். தகடு ஒரு மயிரிழை கோணலாகப் படுத்தாலும் கண்டுபிடித்து நின்றுவிடும். கை மட்டும் தெரியாது. கார் கதவுக்குக் கீல் அடிக்கிற அந்த எந்திரம் நூற்றறுபது டன் அழுத்தத்தோடு இறங்கும்போது, கீழே தகட்டோடு ஒரு மனிதக் கையும் கிடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அதற்குச் சொல்லித் தர யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை.

முன்பு அதற்குத் தெரிந்துதான் இருந்தது. பிரஸ்ஸின் வாயில் இரு பக்கமும் இருக்கிற சென்சார், கையைப் பார்த்ததும் நேராகப் பிரேக்கைப் பிடித்துவிடும். நடுவில் யாரையும் கேட்காது. இப்படிக் கேட்காமல் செய்வது நாகரிகமில்லை என்று மேலிடத்தில் முடிவாயிற்று. இரண்டு வருடத்துக்கு முன் விதிமொழி என்று ஒரு புது மென்பொருளை வாங்கிப் போட்டார்கள். அதன் பிறகு எந்தச் சென்சாரும் பிரேக்கைத் தொடக் கூடாது. கண்டதைக் கம்ப்யூட்டரிடம் சொல்ல வேண்டும், கம்ப்யூட்டர் விதியைப் பார்த்து முடிவு சொல்லும்.

விதிமொழியில் ஒவ்வொரு கேள்விக்கும் கோவை என்று பெயர். ‘சூடு எண்பதைத் தாண்டிவிட்டதா’ என்பது ஒரு கோவை. கேட்டால் ‘சரி’ என்றோ ‘நிறுத்து’ என்றோ பதில் சொல்லும். இந்தக் கோவைகள் எல்லாவற்றுக்கும் தாயாக மேலே ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதுதான் மூலக் கோவை. ஆபீஸில் கோவையைக் கிளாஸ் என்பார்கள், இதை அப்ஸ்ட்ராக்ட் பேஸ் கிளாஸ் என்பார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி. அதற்கென்று சொந்த வேலை எதுவும் கிடையாது. ‘எனக்குப் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் மதிப்பிடத் தெரிந்திருக்க வேண்டும்’ என்று ஓர் உத்தரவைப் போட்டுவிட்டு அது சும்மா இருக்கும். எப்படி மதிப்பிடுவது என்பது பிள்ளைகள் பாடு. சூடு, அழுத்தம், நடுக்கம் என்று நாற்பத்தோரு பிள்ளைகள் பிறந்தன. கை பிறக்கவில்லை. ஆகவே சென்சார் கையைப் பார்க்கும், கம்ப்யூட்டரிடம் சொல்லும், கம்ப்யூட்டர் காதில் வாங்கிக்கொள்ளும். காரியம் அதோடு முடிந்துவிடும்.

உச்சிமாகாளிக்கு இது தெரிய வந்தது ஒரு பிப்ரவரி மாதத்துக் காலை ஷிஃப்டில். விளாத்திகுளம் பக்கத்துப் பையன், டிப்ளமோ படித்தவன், மெயின்டனன்ஸில் டிரெய்னி. வல்லம் வடகாலில் ஆறு பேர் சேர்ந்து எடுத்த அறையில் ஜன்னல் ஓரம் அவன் பாய். ஜூன் மாதம் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். அன்று அவன் ஏழாம் பிரஸ்ஸுக்கு எண்ணெய் பார்க்கப் போயிருந்தான்.

அங்கே வேலை செய்தவள் கலைமதி. வடக்குப்பட்டுக்காரி, பதினோரு வருட அனுபவம். அடித்த கீல் சில நேரம் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைக் கையால் எடுக்கிற முட்டாள்தனத்தை அந்த லைனில் யாரும் செய்வதில்லை. வெல்டிங் கம்பியை வளைத்து, பிடிக்கு சைக்கிள் டியூப் சுற்றி, ஆளுக்கொரு கொக்கி செய்து வைத்திருந்தார்கள். கலைமதியின் கொக்கி உள்ளே இருந்தபோது பிரஸ் இறங்கியது. ஒரு கீலை அடித்த பிறகு, அடுத்த தகடு வைக்கும் முன் இரண்டாவது தடவை அது இறங்கியிருக்கவே கூடாது, இறங்கியது. வெளியே வந்த கொக்கி தகடாகியிருந்தது.

கலைமதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது இரும்பு தம்பி. நம்ம கை இன்னாத்துக்கு ஆவும்?” என்றாள். பிறகு அதைத் தூரப் போட்டுவிட்டு வேறு கம்பி தேடப் போனாள், மணிக்கு முந்நூறு கீல் கணக்கு இருக்கிறதல்லவா.

உச்சிமாகாளி அன்று கேண்டீனுக்குப் போகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சூப்பர்வைசர் பாபுவிடம் போய், “அண்ணே, சென்சார் வேலை செய்யுது, ஆனா பிரஸ் நிக்க மாட்டேங்கு. பழையபடி நேரா பிரேக்குக்குக் கொடுத்துருவோமா?” என்று கேட்டான்.

பாபு சுற்றுமுற்றும் பார்த்தார். “இன்னா நீ, வேலைய வுட்டு போணுமா? நேரா கொடுத்தா அதுக்குப் பேரு பைபாஸ். ஆடிட்ல புட்சா என் சீட்டு கிழிஞ்சிடும். உனுக்குக் கை வேணும்னா எய்தி கொடு. மேல ஒரு மன்றம் கீது, செவ்வாக்கெழமை உக்காருவாங்க.”

எழுதிக் கொடுத்தான். விண்ணப்பத்தில் பதினேழு கட்டங்கள். ‘கோரப்படும் கோவையின் பெயர்’ என்ற இடத்தில் ‘கை’ என்று எழுதினான். ‘எதிலிருந்து பிறக்கிறது’ என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் ‘மனுசனிலிருந்து’ என்று எழுதினான். அதைப் பார்த்து ஆபீஸில் இரண்டு நாள் சிரித்தார்களாம்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை அவனைக் கோவை மன்றத்துக்குக் கூப்பிட்டார்கள். ஏ.சி. அறை. சுவர் முழுக்க மூலக் கோவையின் வம்ச விருட்சம் வரைந்து மாட்டியிருந்தது. எல்லோரும் எழுந்து நின்று அதன் முன்னால் உறுதிமொழி எடுத்தார்கள்: “மூலக் கோவையை நான் மாற்ற மாட்டேன். மாற்றும்படி பிறரைத் தூண்ட மாட்டேன். அதன் பிள்ளைகள் எல்லாரையும் சமமாக மதிப்பேன்.” உச்சிமாகாளியும் சொன்னான். செருப்பைக் கழற்ற வேண்டுமா என்ற சந்தேகம் அவனுக்குக் கடைசிவரை தீரவில்லை.

தலைவர் சங்கரநாராயணன். டிஜிட்டல் பிரிவின் பெரிய அதிகாரி. தென்காசிக்காரர்தான், ஆனால் பேச்சிலிருந்து அந்த ஊரைத் துடைத்து எடுத்துப் பல வருடமாயிற்று. பக்கத்தில் ஜெபகுமார், மென்பொருளை விற்ற கம்பெனியின் ஆள், எப்போதும் லேப்டாப்பைப் பார்த்தே பேசுவார்.

“முதல்ல நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும், உச்சிமாகாளி,” என்று ஆரம்பித்தார் சங்கரநாராயணன். “பேஸ் கிளாஸ்ங்கறது ஒரு தத்துவம். அது எந்த வேலையும் செய்யாது. வேலை செய்யாததால அதுல தப்பே வராது. நானும் அப்படித்தான். முப்பது வருஷ சர்வீஸ். இதைச் செய்ங்கன்னு பொதுவாச் சொல்லுவேன், எப்படின்னு ஒரு நாளும் சொன்னதில்லை. கீழே இருக்கறவங்க செய்வாங்க. என் பேர்ல இன்னி வரைக்கும் ஒரு மெமோ கிடையாது. அந்த டிசிப்ளின் உங்களுக்கும் வரணும்.”

“சரிங்க சார். அந்தக் கை...”

“அதுக்குத்தான் வரோம். ஏற்கெனவே ‘அந்நியப் பொருள்’னு ஒரு கிளாஸ் இருக்கு. துண்டுத் துணி, நட்டு, போல்ட்டுக்கெல்லாம். கையை அதுல சேக்கலாம்னு ஜெபகுமார் சொல்றார். எனக்கு மனசு ஒப்பலை. நம்ம எம்ப்ளாயீ கை எப்படி அந்நியமாகும்? நாமெல்லாம் ஒரு குடும்பம் இல்லையா?”

எல்லோரும் தலையாட்டினார்கள். கை அந்நியமில்லை என்று தீர்மானம் நிறைவேறியது. ஆகவே அன்றைக்கு அதைச் சேர்க்க முடியாமல் போயிற்று.

அடுத்த மாதம் வேறு சிக்கல். கை என்பது உடலின் ஒரு பகுதி. ஆக, கைக்கு முன்னால் ‘உடலுறுப்பு’ பிறந்தாக வேண்டும். உடலுறுப்பு என்று தனியாக ஒன்று உலகத்தில் கிடையாது, ஆதலால் அதுவும் மூலக் கோவை மாதிரியே வேலை செய்யாத ஒரு தாயாகத்தான் இருக்க முடியும் என்றார் ஜெபகுமார். இந்தப் புதுத் தாய்க்குக் கேக் வெட்டினார்கள். உச்சிமாகாளிக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். அவன் அதைக் காகிதத்தில் மடித்து வாங்கி வந்து கலைமதியிடம் கொடுத்தான். அவள் அதற்குள் நாலாவது கொக்கியில் இருந்தாள்.

“இன்னாத்துக்கு கேக்கு?”

“ஒடம்பு பொறந்துட்டாம்க்கா. அடுத்தது கைதான்.”

“சீக்கிரம் பெக்கச் சொல்லு,” என்றாள் கலைமதி.

ஏப்ரலில் வலது கை, இடது கை என்று இரண்டு பிள்ளைகளா, ஒன்றே போதுமா என்ற விவாதம் வந்தது. இடது கைக்காரர்களுக்குப் பாரபட்சம் காட்டியதாகப் பின்னால் பேச்சு வரக் கூடாது என்று அதற்கு ஓர் உபகுழு போட்டார்கள். மே மாதம் ‘கை’ பிறந்தது. ஒரே பிள்ளைதான். விருட்சத்தில் புதுக் கட்டம் ஒட்டி அதன் ஓரத்தில், ‘கோரியவர், உரிமையாளர்: உச்சிமாகாளி, டிரெய்னி’ என்று எழுதினார்கள். அதைப் பார்த்தபோது அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைப்பானேன். போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினான்.

ஆனாலும் அவன் மெக்கானிக்கல் படித்தவன். “சார், ஒரு மரக்கட்டைய உள்ள வச்சு ஒரு தடவை ஓட்டிப் பாத்துருவோம்,” என்று கேட்டான்.

ஜெபகுமார் முதல் முறையாக லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தார். “கட்டையை வெச்சா அது கட்டை. இந்த கிளாஸ் கைக்கு. டெஸ்ட் செல்லாது.”

“அப்ப கைய வச்சுத்தான் பாக்கணுமா?”

“கையை வைக்கிறதா?” சங்கரநாராயணன் அதிர்ந்து போனார். “சேஃப்டி பாலிசி என்ன சொல்லுது? என்ன பேசறீங்க நீங்க?”

கடைசியில் வழி கண்டுபிடித்தார்கள். மூலக் கோவை ஏற்கெனவே சோதனையில் தேறியிருக்கிறது. கை அதன் பேரப்பிள்ளை. பாட்டி தேறினால் பேரன் தேறின மாதிரிதான். ‘வாரிசு முறையில் தேர்ச்சி’ என்று சான்றிதழ் அடித்துக் கையெழுத்துப் போட்டார்கள். ஏழாம் பிரஸ்ஸின் திரையில் ‘கை: சரி’ என்று பச்சை எழுத்து வந்தது.

அதற்கு மறுநாள் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஆட்கள் ஒரு டிரம்மோடு வந்தார்கள். கையைக் காப்பாற்ற விதி வந்துவிட்டபடியால் கொக்கி இனி அனுமதியில்லாத கருவி. லைன் முழுக்க இருந்த கொக்கிகளைப் பொறுக்கி டிரம்மில் போட்டார்கள். கலைமதி தன்னுடையதைக் கொடுக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு உச்சிமாகாளியைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

“தம்பி, மத்தவங்க சொல்றத வுடு. நீ மிசினு ஆளு. நீ சொல்லு. கைய வுட்டா நிக்குமா, நிக்காதா?”

உச்சிமாகாளி திரையைப் பார்த்தான். பச்சை எரிந்தது. சான்றிதழை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். நான்கு மாதம் அலைந்திருக்கிறான். ஓட்டிப் பார்க்கவில்லையே என்று உள்ளே ஒன்று குடைந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அலைந்த நான்கு மாதமும் வீணென்று ஆகிவிடும். பாதுகாப்பு ஆட்கள் வேறு பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“நிக்கும்க்கா,” என்றான்.

கலைமதி கொக்கியை டிரம்மில் போட்டாள்.

ஒன்பது நாள் கழித்து, வியாழக்கிழமை மதியம் மூன்று இருபதுக்கு, ஒரு கீல் அச்சில் ஒட்டிக்கொண்டது. கலைமதி அதை எடுக்கக் கையை விட்டாள். சென்சார் கையைப் பார்த்தது. கம்ப்யூட்டரிடம் சொன்னது. கம்ப்யூட்டர் மூலக் கோவையின் பேரப்பிள்ளையைக் கேட்டது. அது ‘சரி’ என்றது. பிரஸ் இறங்கியது.

வலது கையில் கட்டைவிரலைத் தவிர மற்ற நான்கும் போயின. அவள் கத்தவில்லை என்றும், பிரஸ் மேலே போகும் வரை பொறுமையாக நின்றிருந்தாள் என்றும் அடுத்த பிரஸ்காரிகள் சொன்னார்கள். உச்சிமாகாளி ஓடி வந்தபோது அவளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். திரையில் ‘கை: சரி’ என்றே இருந்தது.  

விசாரணை திங்கட்கிழமை, அதே ஏ.சி. அறையில். விசாரணைக்கு முன்னாலும் உறுதிமொழி உண்டு, எடுத்தார்கள்.

“கம்ப்யூட்டர் லாக் பார்த்தாச்சு,” என்றார் ஜெபகுமார். “பதினஞ்சு மணி இருபது நிமிஷம் பதினாலு செகண்ட். கை கிளாஸைக் கூப்பிட்டிருக்கு, சரின்னு பதில் வந்திருக்கு. சிஸ்டத்துல எர்ரர் எதுவும் இல்லை.”

“உள்ள கை இருந்துச்சே சார். எப்படிச் சரின்னு சொல்லும்?” என்று கேட்டான் உச்சிமாகாளி.

“மதிப்பிடுங்கற பகுதியில ஒண்ணும் எழுதலையே. காலியாத்தானே இருக்கு.”

அறையில் யாரும் அதிர்ச்சியடையவில்லை. உச்சிமாகாளிதான் அவர்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தான்.

“ஏன் எழுதலை?”

“பேர் வைக்கிறது, விருட்சத்துல சேக்கறது, பச்சை லைட் வர்றது, இது வரைக்கும்தான் எங்க கான்ட்ராக்ட். உள்ளே எழுதறது அந்தந்த கிளாஸோட உரிமையாளர் வேலை.” விரலால் சுவரைக் காட்டினார். கட்டத்தின் ஓரத்தில் உச்சிமாகாளி பெயர் இருந்தது.

“எனக்கு அது எழுதத் தெரியாதே சார். எழுதணும்னே யாரும் சொல்லலையே. அப்ப ஒண்ணும் எழுதாம இருந்தா ‘நிறுத்து’ன்னுதான சொல்லணும்?”

“ஆரம்பத்துல அப்படித்தான் இருந்தது,” என்றார் ஜெபகுமார், நியாயமாக. “மதிப்பிடு எழுதாத பிள்ளை இருந்தா சிஸ்டம் ஓடவே ஓடாது. அதுதான் பேஸ் கிளாஸோட ஒரிஜினல் கண்டிப்பு. முதல் மாசம் அதனால லைன் நாப்பது நிமிஷம் நின்னுது. அப்புறம் ஒரு மாத்தம் பண்ணச் சொன்னாங்க.”

யார் சொன்னது என்று அவர் சொல்லவில்லை. சங்கரநாராயணன் தானாகவே சொன்னார். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

“எழுதாத பிள்ளைக்குப் பதிலா தாயே சரின்னு சொல்லிரட்டும்னு நான்தான் சஜஸ்ட் பண்ணேன். தாய் மனசு அப்படித்தானே? இந்த ரெண்டு வருஷத்துல லைன் நிக்கறது எழுபது சதவீதம் குறைஞ்சிருக்கு. ஒரு சம்பவத்தை வெச்சு அதைத் தப்புன்னு சொல்லிட முடியாது. உங்களை யாரும் தண்டிக்கப் போறதில்லை, பயப்படாதீங்க. உரிமையாளர்ங்கற முறையில கிளாஸ் காலியா இருக்கறது தெரிஞ்சுதான் ஏத்துக்கிட்டேன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. ஜூன்ல உங்க கன்ஃபர்மேஷன் பேப்பர் என் டேபிளுக்குத்தான் வரும்.”

இங்கே உச்சிமாகாளி காகிதத்தைக் கிழித்து எறிந்தான் என்று எழுத ஆசைதான். அவன் கையெழுத்துப் போட்டான். 

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனான். கலைமதி கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் இட்லி பிட்டுக்கொண்டிருந்தாள். வலது கையில் பெரிய கட்டு. அவன் அழுவான் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நான் கையெழுத்துப் போட்டுட்டேன்க்கா,” என்றான்.

“போட்டா போட்டுட்டுப் போ. நீயும் பொயைக்கணும் இல்ல.” இட்லியைக் கீழே வைத்தாள். “உம்மேல கோவம் கீது தம்பி. இல்லன்னு சொல்ல மாட்டேன். அந்த லைட்ட நம்பி நான் கைய வுடல. நீ சொன்னேன்னுதான் வுட்டேன். இனிமே தெரியாத வெசயத்துக்கு யாராண்டயும் அப்டிச் சொல்லாத, இன்னா?”

அவன் தலையாட்டினான். 

ஏழாம் பிரஸ் அதற்குள் கழுவித் துடைத்து ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக வந்த சுகப்பிரியாவை அதில் போட்டிருந்தார்கள். சங்கரன்கோவில் பக்கம், பத்தொன்பது வயது, ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். பாபு அவளுக்கு வேலை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது உச்சிமாகாளி அந்தப் பக்கம் வந்தான். அவன் பாபுவிடம் ஏதோ சொன்னான். தன் ஊர்ப் பக்கத்துப் பேச்சு காதில் விழுந்ததும் அவள் அவனிடம் கேட்டாள்: “அண்ணே, பச்சை எரிஞ்சா கைய உள்ள விடலாம்லா?”



“விடாத,” என்றான் உச்சிமாகாளி. “அது சும்மா எரியுது. உள்ள ஒண்ணுமே எழுதல. அதக் கேட்டு வாங்கினவனே நான்தான். ஒரு அக்காகிட்ட நிக்கும்னு சொன்னேன். அவங்களுக்கு இப்ப நாலு வெரல் இல்ல.”

சொல்லிவிட்டு மெயின் சுவிட்சை இழுத்தான். பிரஸ் நின்றது. நிறுத்தியதற்குக் காரணம் என்ன என்று திரை கேட்டது, நாற்பத்து மூன்று காரணங்களைக் காட்டியது. அவனுடையது அதில் இல்லை. பதினோரு நிமிடம் எந்திரம் காரணமில்லாமல் நின்றது. சாயங்காலம் கேட்டில் அவன் அடையாள அட்டை வேலை செய்யவில்லை. மறுநாள் காலையிலும் செய்யவில்லை. ஜூன் மாதக் காகிதம் யார் டேபிளுக்கும் போகவில்லை.

அறைக்கு வாடகை கொடுத்த மாதம் முடிய இன்னும் எட்டு நாள் இருந்தது. வேறு வேலை தேடப் போகிற நேரம் போக, அவன் ஷிஃப்ட் மாறும்போது வல்லம் வடகால் பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றான். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களிடம் ஏழாம் பிரஸ்ஸைப் பற்றிச் சொன்னான். சிலர் கேட்டார்கள். சிலர் போனைப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் சுகப்பிரியா வந்தாள். அவளை இன்னும் அதே பிரஸ்ஸில்தான் போட்டிருக்கிறார்கள் என்றாள்.

“நான் அன்னைக்குச் சொன்னது புரிஞ்சுதா தாயி? அந்த லைட்டு...”

“தெரியும்ணே. லைட்டுல ஒண்ணும் இல்லன்னு லைன்ல எல்லாருக்கும் தெரியும்.”

“பெறகு ஒட்டிக்கிட்டா எதால எடுக்க?”

அவள் டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

“கையாலதான். மணிக்கு முந்நூறு அடிக்கணும்லாண்ணே,” என்றாள். “நான் சட்டுனு எடுத்துருதேன்.”